வாட்டர்ஃபால் தாத்தா சொன்னது வேற!

வாட்டர்ஃபாலா, அஜைலா? நம்ம புராஜெக்ட் மீட்டிங்ல முதல் சண்டையே இதுதான்.

வாட்டர்ஃபாலின் தந்தைன்னு சொல்லப்படுற வின்ஸ்டன் ராய்ஸ் (1929–1995), விண்கலங்களுக்கான மென்பொருள் திட்டங்களை நடத்தியவர். 1970இல் எழுதிய கட்டுரையில் தேவை, டிசைன், கோடிங், டெஸ்டிங்னு படிப்படியா ஒரு படம் போட்டார். பலரும் அந்தப் படத்தோட நிறுத்திட்டாங்க. அதை அப்படியே பின்பற்றினா ஆபத்து, டெஸ்டிங்ல சிக்கினா டிசைனுக்கே திரும்பணும்னு அவரே எச்சரித்திருந்தார். முதல்ல சின்ன மாதிரி செய்து பார்க்கச் சொன்னார். வாடிக்கையாளரை நடுநடுவே கூப்பிடச் சொன்னார். ஆவணங்களையும் கறாராகக் கேட்டார். வாட்டர்ஃபால் என்ற சொல்லே அந்தக் கட்டுரையில் இல்லை!

அவர் மகன் வாக்கர் ராய்ஸ், பின்னாளில் சுற்றுச்சுற்றாக மென்பொருள் வளர்க்கும் முறைக்காகவே பேர் வாங்கினார்.

அடுத்த மீட்டிங்ல கட்சி கட்டாம, எதை முன்னாடியே எழுதணும், எதைச் செய்து பார்த்து முடிவெடுக்கணும்னு பேசுவோமா?