நிலம் அளந்த லாம்ப்டன்

மைசூர்ப் போரில் பங்கேற்ற ஆங்கிலேயப் படையதிகாரி வில்லியம் லாம்ப்டன். 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் அவர் மனம் நில அளவையை நாடியது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளும். ஆகவே வெப்பமானிகளையும் உடன்வைத்தார்.

அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கணக்கில் கிடைத்துவிடும். அவற்றுள் ஒன்று அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். இவ்வாறு பெங்களூருவரை வளர்ந்த முக்கோணங்கள், பின்னர் ஓசூரை அடுத்த மலைகளின் வழியே தெற்கே குமரிமுனை நோக்கி இறங்கின.

1808இல் தஞ்சைப் பெரியகோவில் விமானத்தின்மேல் தியோடலைட் ஏற்றப்பட்டது. அரை டன் எடையுள்ள அந்தக் கோணமானியைத் தாங்கிய கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் வளைந்தது. வேறொருவராயின் பணியையே கைவிட்டிருப்பார். லாம்ப்டனோ தனித்திருந்து, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி ஆறு வாரங்களில் அதனைச் சீராக்கினார்.

இன்று ஓசூரில் தொழிற்சாலை நிலத்தை அளப்பவர் குன்றேற வேண்டியதில்லை. செயற்கைக்கோள்களின் குறிப்பலை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு ஏற்பி தொலைவுகளைக் கணிக்கிறது. நான்கு கோள்கள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ஆயினும் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால், தொலைவு 300 மீட்டர் பிழைக்கும். எனவே இடம் முன்பே துல்லியமாக அறியப்பட்ட புள்ளியில் மற்றோர் ஏற்பியை நிறுத்தி, அது காட்டும் பிழையைக் கொண்டு திருத்துகின்றனர். எல்லைக்கல் ஓரடி நகர்ந்தாலும் ஒருவர் நிலம் குறையுமன்றோ?

லாம்ப்டன் ஓய்வை நாடவில்லை. 1823 சனவரி 20 அன்று, எழுபதை எட்டிய முதுமையில், வடக்கு நோக்கிய அளவைப் பயணத்தின்போதே மராட்டியத்தின் இங்கன்காட்டில் காலமானார். எஞ்சிய முக்கோணங்களை எவரெஸ்ட் இமயம்வரை கொண்டுசென்றார்.