விண்ணைத் தொட்ட வங்க மைந்தர்

பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து, அதன் ஒரு தாளை மேசைமீது நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். நில்லாது, மடங்கி விழுந்துவிடும். அதே தாளைக் குழலாகச் சுருட்டி நிறுத்துங்கள். நிமிர்ந்து நிற்கும். அதன் தலைமேல் ஒரு மெல்லிய நோட்டுப் புத்தகத்தை வைத்தாலும் தாங்கும். தாள் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். ஆனால் வடிவம் மாறியதும் வலிமை வந்துவிட்டது. இந்த எளிய உண்மையைத் துணையாகக் கொண்டு 110 மாடிக் கட்டடத்தை நிமிர்ந்து நிற்க வைத்த ஒருவர் இருந்தார். அவர் மேல்நாட்டில் பிறந்தவர் அல்லர். நம்மைப் போலக் கீழ்த்திசையில் பிறந்தவர். அவர்தாம் பொறியியல் மேதை ஃபஸ்லுர் ரஹ்மான் கான்.

பிறப்பும் கல்வியும்

1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் வங்காளத்தில், டாக்கா நகரில் கான் பிறந்தார். அவருடைய தந்தையார் கணித ஆசிரியர். மாணவர்களுக்குப் பாடநூல்கள் எழுதியவர். கணக்கை மனப்பாடம் செய்வதைவிட அதன் காரணத்தை அறிவதே கல்வி என்னும் பழக்கம் அந்த வீட்டில் இருந்தது. இயற்பியல் பயில்வதா, பொறியியல் பயில்வதா என்ற தயக்கம் எழுந்தபோது, தந்தையாரின் அறிவுரை அவரைப் பொறியியலின் பக்கம் திருப்பியது.

கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிப்பூர் பொறியியற் கல்லூரியில் அவர் சேர்ந்தார். ஆனால் நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலம் அது. 1950-இல் எழுந்த வகுப்புக் கலவரத்தால் படிப்பை இடையில் விட்டுவிட்டு அவர் டாக்கா திரும்ப நேர்ந்தது. மனம் தளர்ந்தாரா? இல்லை. டாக்காவின் அஹ்சனுல்லா பொறியியற் கல்லூரியில் எஞ்சிய படிப்பை முடித்து, வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். 1952-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டங்களையும் ஒரு முனைவர் பட்டத்தையும் பெற்றார். ஒரு பட்டத்திற்கே மூச்சு வாங்கும் நமக்கு இது வியப்பாக இல்லையா?

1955-இல் சிகாகோ நகரில், ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்டு மெரில் என்ற புகழ்பெற்ற கட்டடக்கலை நிறுவனத்தில் பணியேற்றார். தாயகத்திற்கு உழைக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் 1957-இல் திரும்பி வந்து, கராச்சி நகர வளர்ச்சி அமைப்பில் பணிபுரிந்தார். ஆனால் அங்கே கோப்புகளைப் பார்க்கும் வேலையே மிகுந்திருந்தது. கட்டடங்களை வடிவமைக்கும் வாய்ப்புக் குறைவாயிருந்தது. எனவே 1960-இல் மீண்டும் சிகாகோ சென்றார்.

காற்று என்னும் பகைவன்

உயரமான கட்டடத்திற்குப் பெரிய பகை எது என்று கேட்டால், அதன் சொந்த எடை என்றே நான் முதலில் நினைத்தேன். ஆனால் எடையைத் தாங்குவது அவ்வளவு கடினம் அன்று. பக்கவாட்டில் வந்து மோதும் காற்றே பெரும் பகை. மேலே செல்லச் செல்லக் காற்றின் வேகம் கூடும், கட்டடத்தை அசைக்கும். அக்காலத்தில் உயரமான கட்டடங்களை உள்ளும் புறமும் நெருக்கமான தூண்களையும் உத்திரங்களையும் இணைத்துக் கட்டினார்கள். மாடிகள் ஏற ஏற, காற்றை எதிர்க்க வேண்டிய எஃகின் அளவும் மிக விரைவாக ஏறியது. செலவு தாங்காது. ஆகவே உயரத்திற்கு ஓர் எல்லை வந்துவிட்டது போலத் தோன்றியது.

கான் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் பார்த்தார். வலிமையை உள்ளே பரப்பி வைக்காமல், வெளிச்சுவருக்கே கொண்டுபோனால் என்ன? வெளிப்புறத் தூண்களை நெருக்கமாக வைத்து, உத்திரங்களால் உறுதியாகப் பிணைத்தால் கட்டடம் முழுவதும் ஒரே குழலாகிவிடும் அல்லவா? மூங்கிலை நினைத்துப் பாருங்கள். உள்ளே வெறுமை, ஆனால் புயலில் முறிவதில்லை. இந்தக் குழல் முறையில், சிகாகோவில் 43 மாடி கொண்ட டீவிட்-செஸ்ட்நட் குடியிருப்பு 1960-களின் நடுவில் எழுந்தது. பின்னர் எழுந்த எத்தனையோ வானளாவிய கட்டடங்களுக்கு அதுவே முன்னோடி.

சாய்வுச் சட்டங்களின் கதை

அடுத்து வந்தது 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடம். கட்டடக்கலைஞர் புரூஸ் கிரகாமும் கானும் இணைந்து உருவாக்கியது. கடைகள், அலுவலகங்கள், வீடுகள் அனைத்தும் ஒரே கோபுரத்தில்! அடியில் அகன்றும் உச்சியில் ஒடுங்கியும் நிற்கும் அக்கட்டடத்தின் நான்கு பக்கங்களிலும் பெருக்கல் குறி போன்ற மிகப் பெரிய சாய்வுச் சட்டங்கள் தெரியும். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. முக்கோணம் எளிதில் உருக்குலையாது என்று வடிவியல் வகுப்பில் படிக்கிறோமே, அதுதான்! அந்தச் சட்டங்கள் காற்றின் விசையை வாங்கிப் பகிர்ந்து தரைக்கு இறக்குகின்றன. சன்னல்களின் குறுக்கே சட்டம் வந்தால் யார் குடிவருவார் என்று சிலர் ஐயுற்றனர். கான் தம் கணக்கில் உறுதியாக நின்றார். அதன் பயனாக, 1931-இல் முடிந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைவிட, சதுர அடிக் கணக்கில் பார்த்தால், மிகக் குறைந்த எஃகே இதற்குத் தேவைப்பட்டது.

கட்டடம் விழாதிருந்தால் மட்டும் போதுமா? உச்சி மாடியில் படுத்திருக்கும் ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் ஆட்டத்தால் தலைசுற்றல் வரக்கூடாதே! இதையும் கான் எண்ணினார். ஓர் அருங்காட்சியகத்தில் இருந்த அசையும் மேடையில் ஆட்களை நிற்கவும் உட்காரவும் படுக்கவும் செய்து, எவ்வளவு அசைவை மனிதர் உணர்கின்றனர் என்று சோதித்து அறிந்தார்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு சோதனை வந்தது. அடித்தளத்துக் கான்கிரீட் தூண் ஒன்றில் வெற்றிடம் இருப்பது தெரியவந்தது. கட்டுமானம் நிறுத்தப்பட்டது. மற்ற அடித்தளத் தூண்களும் ஆராயப்பட்டு, குறை இருந்தவை செப்பனிடப்பட்ட பின்னரே வேலை தொடர்ந்தது. காலமும் பணமும் கரைந்தாலும், அங்கே வாழப்போகும் மக்களின் உயிரே பெரிதாகக் கருதப்பட்டது. 1969-இல் முடிவுற்ற அக்கட்டடம் இன்றும் அசையாது நிற்கிறது.

ஒன்பது குழல்கள்

ஒரு குழலே இவ்வளவு வலிமை என்றால், பல குழல்களைச் சேர்த்துக் கட்டினால்? கிரகாம் ஒரு கைப்பிடி சிகரெட்டுகளைச் சேர்த்துப் பிடித்து இந்த எண்ணத்தை விளக்கினார் என்று ஒரு செய்தி உண்டு. சியர்ஸ் கோபுரம் அவ்வாறே அமைந்தது. ஒவ்வொரு பக்கமும் 75 அடி கொண்ட ஒன்பது சதுரக் குழல்கள், ஒரே கட்டாகப் பிணைந்து நிற்கின்றன. 50-ஆம் மாடியில் இரண்டு குழல்கள் நின்றுவிடும். 66-ஆம் மாடியில் இன்னும் இரண்டு. 90-ஆம் மாடியில் மேலும் மூன்று. எஞ்சிய இரண்டு மட்டும் உச்சிவரை செல்லும். உடன்பிறந்தார் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு உயர்வது போன்ற காட்சி! 110 மாடிகள், 1450 அடி உயரம் கொண்ட அது, 1973-இல் உச்சியை எட்டியபோது உலகிலேயே மிக உயர்ந்த கட்டடமாயிற்று. கால் நூற்றாண்டு காலம் அப்பெருமையைக் கொண்டிருந்தது. 2009 முதல் அது வில்லிஸ் கோபுரம் என்று அழைக்கப்படுகிறது.

மறவாத மனம்

புகழின் உச்சியில் இருந்தபோதும் கான் தம் மக்களை மறக்கவில்லை. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரில் மக்கள் இலட்சக்கணக்கில் துன்புற்றபோது, சிகாகோவில் வாழ்ந்த வங்காளியரை ஒன்றுதிரட்டித் துயர்துடைக்க நிதி சேர்த்தார். அமெரிக்க மக்களிடம் அவர்களது நிலையை எடுத்துரைத்தார். உயரத்தில் கண் வைத்தவர் தரையில் விழுந்து கிடப்போரையும் கண்டார்.

அவர் ஓய்வு நேரத்தில் தாகூரின் பாடல்களைப் பாடி மகிழ்வாராம். பொறியியல் அறிஞன் இயந்திரங்களுக்குள் தன்னைத் தொலைத்துவிடக் கூடாது. இசையும் கலையும் மனிதர்களும் சேர்ந்ததே வாழ்க்கை என்பது அவரது கொள்கை.

அவருடைய பிற்காலப் பணிகளுள் ஒன்று, ஜெட்டா விமான நிலையத்தில் ஹஜ் பயணிகளுக்காக அமைந்த தங்குமிடம். அங்கே அவர் வானைத் தொட முயலவில்லை. பாலைவனத்து மக்களின் பழைய கூடாரத்தையே மாதிரியாகக் கொண்டு, கண்ணாடி இழைத் துணியால் 210 பெரும் கூடாரங்கள் எழுந்தன. வெப்பக் காற்று மேலே வெளியேறுமாறு கூடாரத்தின் நடுவில் திறப்பு உண்டு. கடும் வெயிலிலும் பயணிகள் நிழலில் இளைப்பாறினர். இதற்கு 1983-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. ஆனால் அதைக் காணக் கான் உயிரோடு இல்லை. 1982 மார்ச் 27-ஆம் நாள் அதே ஜெட்டா நகரில், மாரடைப்பால் அவர் மறைந்தார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 53 வயது நிறைந்திருக்கும். சிகாகோ மண்ணிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

முடிவுரை

சியர்ஸ் கோபுரத்தின் அடியிலுள்ள தெருச் சந்திப்பு இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவருடைய மகளும் கட்டமைப்புப் பொறியாளராகி, தந்தையின் பணிகளை நூலாக எழுதியுள்ளார். பெண்களாகிய நமக்கு இது எத்துணை ஊக்கம்! கணக்கு வேப்பங்காய் என்று ஒதுங்கும் தோழியரே, அடுத்த முறை முக்கோணம் வரையும்போது, அது நூறு மாடிகளைத் தாங்கிய முக்கோணம் என்று எண்ணிப் பாருங்கள். நானும் அவ்வாறே எண்ணத் தொடங்கியிருக்கிறேன். கணக்கு நோட்டைத் திறக்க இப்போது முன்போல் அச்சமில்லை.

– மாணவி, பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு