குழலிற் பெயரில்லாக் கொல்லர்: ஜான் மோசஸ் பிரௌனிங்

துப்பாக்கி செய்த ஒருவரின் வரலாற்றைக் கொல்லாமை போற்றும் நம்மனோர் படிப்பது எற்றுக்கு என்று சங்க அன்பர் சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. ஆயினும், உலையும் சம்மட்டியும் அரமும் கொண்டு வாழ்ந்துவரும் நம் விசுவகர்ம மரபினர்க்கு, தந்தையின் பட்டறையில் தொழில் பயின்று, உலகெங்கும் பரவிய கருவிகளை ஆக்கியும், அவற்றுட் பலவற்றில் தம் பெயர் பொறிக்கப்பெறாது போன ஒரு கைவினைஞரின் வாழ்க்கை அயலாகத் தோன்றாது என்று கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

அமெரிக்க நாட்டில் பாட்டன் விட்டுச்சென்ற பழைய நெம்புகோல் துப்பாக்கி பேரன் கைக்கு வருவது பல குடும்பங்களில் நிகழ்வது. விசையின் கீழ் வளையமாக அமைந்த நெம்புகோலைக் கீழே தள்ளி மீண்டும் மேலே இழுத்தால், சுட்டொழிந்த தோட்டாவின் கூடு வெளியே வீழும். குழலுக்கு அடியிலுள்ள குழாயிலிருந்து புதிய தோட்டா ஏறி அமரும். குழலின்மேல் வின்செஸ்டர் கம்பெனியாரின் பெயரும், அவர்தம் தொழிற்சாலை இருந்த நியூ ஹேவன் நகரின் பெயரும், 1894 ஆகஸ்டு 21 என்ற தேதியும் வெட்டப்பட்டிருக்கும். அதனைக் கண்ட பேரன், துப்பாக்கி அவ்வாண்டிற் பிறந்ததென்று மகிழ்ந்து அயலார்க்கும் கூறிவிடுவான். அது பிழை. பின்னர்ப் பல ஆண்டுகள் கழித்துச் செய்த துப்பாக்கிகளிலும் அதே தேதி உண்டு. அது கருவி பிறந்த நாளன்று. ஒருவர் தம் அறிவாற் கண்ட அமைப்பிற்குக் காப்புரிமை பெற்ற நாள். அவர்தாம் ஜான் மோசஸ் பிரௌனிங்.

அவர் 1855 ஜனவரி 23ஆம் நாள் யூட்டா நாட்டு ஒக்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜானதன் பிரௌனிங்கும் துப்பாக்கிக் கொல்லர், மார்மன் சமயத்தினர், அச்சமயத்தாரோடு மேற்கே குடிபெயர்ந்து 1852இல் யூட்டாவை அடைந்தவர். அவர்க்கு மனைவியர் மூவர், மக்கள் இருபத்திருவர். அத்துணைப் பெரிய குடும்பத்தில் செல்வம் பெருக வழியில்லை. பட்டறையில் பழைய இரும்புக்கும் ஒடிந்த குழல்களுக்கும் மட்டும் குறைவில்லை. சிறுவர் ஜான் அவ்விரும்புக் குவியலையே பள்ளியாகக் கொண்டார் எனலாம்.

1879இல் தந்தையார் காலமானார். அவ்வாண்டிலேயே, ஒரு தோட்டா மட்டும் இட்டுச் சுடும் துப்பாக்கி ஒன்றிற்கு ஜான் தம் முதற் காப்புரிமையைப் பெற்றார். சகோதரர்கள் ஒன்றுகூடி ஒக்டனில் தம் கையாலேயே அத்துப்பாக்கிகளைச் செய்து விற்றனர். அவற்றுள் ஒன்று எவ்வாறோ வின்செஸ்டர் கம்பெனியார் கைக்கு எட்டியது. அக்கம்பெனியின் தலைவர்களுள் ஒருவரான தாமஸ் பென்னெட் என்பார் 1883இல் இரயிலேறி நாட்டின் மறுகோடிக்கு வந்து, 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிச் சென்றார்.

அன்றுமுதல் பத்தொன்பது ஆண்டுகள் பிரௌனிங்கின் அறிவு நியூ ஹேவனுக்கு விலையாகிக்கொண்டே இருந்தது. அவர் பெரிய வரைபடங்களை நம்பியவரல்லர். உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி இயங்குவதை மனத்திற் கண்டு, தகட்டில் வார்ப்புரு வெட்டி, உடனே இரும்பில் இறங்குவார் என்பர். நெம்புகோல் துப்பாக்கி அவர்க்கு முன்பே உண்டு; ஆனால் பழைய அமைப்பு வலிய மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது. அவர் 1886ஆம் ஆண்டு வகையில் நெம்புகோலோடு மேலும் கீழும் செல்லும் இரண்டு எஃகுத் தாழ்களை அமைத்து, அடைப்பை இறுகப் பூட்டினார். பழைய அமைப்புத் தாங்காத வலிய தோட்டாக்களின் அழுத்தத்தையும் இப்பூட்டுத் தாங்கிற்று. 1892ஆம் ஆண்டு வகை அதன் சிற்றுருவம். 1894ஆம் ஆண்டு வகை முதலில் கரிமருந்துத் தோட்டாக்களுடன் வெளிவந்து, மறு ஆண்டிலேயே நிக்கல் கலந்த எஃகுக் குழலுடன் புகையற்ற மருந்துக்கும் பயன்பட்டது. இத்தனையும் மொத்த விலைக்கு விற்கப்பட்டன. கம்பெனியார் வாங்கிய அமைப்புகளுட் பலவற்றைச் செய்யவேயில்லை. பிறர் கைக்குச் செல்லாதிருந்தாற் போதும் என்பதே அவர் நோக்கம்.

1902இல் பிணக்கு நேர்ந்தது. தாமே தோட்டா ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைப் பிரௌனிங் அமைத்திருந்தார். அதற்கு மொத்த விலை வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்றார். பென்னெட் இசையவில்லை. பிரௌனிங் உடன்படவுமில்லை, இரந்து நிற்கவுமில்லை. ரெமிங்டன் கம்பெனித் தலைவரைக் காணச் சென்று காத்திருந்தபோதே அத்தலைவர் மாரடைப்பால் மாண்டார். உடனே கப்பலேறிப் பெல்ஜியம் சென்று, லியேழ் நகரை அடுத்த ஹெர்ஸ்டல் தொழிற்சாலையாரிடம் அதனை ஒப்படைத்தார். அங்குச் செய்த கருவிகளில் அவர் பெயர் விளங்கியது. பிரெஞ்சு மொழியிற் கைத்துப்பாக்கிக்கே பிரௌனிங் என்பது பெயராயிற்று. தொழிலாளன் தன் உழைப்பிற்கு உரிய பங்கைக் கேட்டதை யான் பேராசை என்று கருதேன்.

இனி, பேரன் கையிலுள்ள துப்பாக்கிக்கு வருவோம். அதன் வயதை உரைப்பது நடுக்கூட்டின் அடியில் வெட்டிய வரிசை எண். வயோமிங் மாகாணத்துக் கோடி நகரில் (இது நம் எண்ணாகிய கோடியன்று, ஓர் ஆளின் பெயரால் வந்தது) உள்ள காட்சிசாலையில் வின்செஸ்டர் பழங்கணக்கேடுகள் காக்கப்பட்டுள்ளன. 1894ஆம் ஆண்டு வகையில் ஏறத்தாழ முதல் மூன்றரை லட்சம் எண்களுக்கு, எண் வெட்டிய நாளும், பண்டசாலையிற் சேர்ந்த நாளும், வெளியே அனுப்பிய நாளும் அவ்வேடுகளில் உண்டு. இந்நாட்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுதலும் உண்டு. 1898ஆம் ஆண்டு முடிவிற்குள் செய்ததை அமெரிக்கச் சட்டம் தொல்பொருளாகக் கொள்ளுதலின் இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று.

ஆனால், பலர் முதலிற் செய்வது உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பது! மங்கிய நீலத்தைச் சுரண்டி, புதிதாக நீலமேற்றி, கட்டைக்கு வார்னிஷ் பூசிவிடுவர். எழுத்தின் விளிம்பு மழுங்கும், கொல்லன் விட்ட அரச்சுவடு மறையும், விலையும் வீழும். செய்யத்தக்கது சிறிதே. முதலில் அறையிலும் குழாயிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் தேர்தல் வேண்டும். பின்பு மென்துணியில் சில துளி மெல்லிய எண்ணெயிட்டுத் துடைத்து, வெறுங்கையின் வியர்வை உப்பு எஃகிற் படாமற் காத்தல் வேண்டும். தோலுறையில் நெடுநாள் வைத்தல் கூடாது. தோல் ஈரத்தை உண்டு துருவை உமிழும். கரிமருந்துக் காலத்துக் குழலில் இக்காலத்து வலிய தோட்டாவை இடுதல் உயிர்க்கே இறுதி.

பிரௌனிங் பெற்ற அமெரிக்கக் காப்புரிமைகள் 128. 1926 நவம்பர் 26ஆம் நாள், லியேழ் தொழிற்சாலையில் தம் மகன் வால் பணிபுரியும் மேசையருகே, வேலையின் நடுவே நெஞ்சு நோயால் உயிர் நீத்தார். உடல் ஒக்டனுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டில், 1894ஆம் ஆண்டு வகையின் பத்து லட்சமாவது துப்பாக்கியை அமெரிக்கத் தலைவர் கூலிட்ஜுக்கு வின்செஸ்டர் கம்பெனியார் காணிக்கையாக அளித்தனர்.