வானம் கண்ட வள்ளல்

இருக்கன்குடிக்காரன் விமானத்தைப் பற்றி என்ன எழுதப் போகிறான் என்று சிரிக்காதீங்க. எங்க பக்கம் மாரியம்மன் கோயிலை விட்டால் பட்டாசும் தீப்பெட்டியும்தான் பேச்சு. ஆனாலும் நான் எழுத வந்தது காரைக்குடி வள்ளல் டாக்டர் அழகப்பச் செட்டியாரைப் பற்றி.

1909 ஏப்ரல் 6-இல் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, லண்டனில் பாரிஸ்டர் ஆனார். அங்கே குராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பித் துணி மில், பிறகு விமானக் கம்பெனி என்று தொழில்கள் நடத்தினார். 1945-இல் வெள்ளைக்காரன் கொடுத்த சர் பட்டத்தைச் சுதந்திரம் வந்ததும் உதறிவிட்டார்.

பணம் சேர்த்தவங்க எத்தனையோ பேர். இவர் அதை இறைத்தார். 1947-இல் அன்னி பெசன்ட் நினைவுக் கூட்டத்தில், கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டார். அழகப்பர் அந்த இடத்திலேயே சரி என்றார். அதே வருஷம் காரைக்குடியில் கல்லூரி வந்துவிட்டது.

என் கணக்கில் அதைவிடப் பெரிய கொடை மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது சிக்ரி. பொட்டல் காட்டில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று, டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

இதில் நமக்கு என்ன? விமான உடம்புக்குப் போடும் அலுமினியத்தில் பலத்துக்காகச் செம்பு கலப்பார்கள். பலம் கூடும், அரிப்பும் சீக்கிரம் பிடிக்கும். அதற்குக் குரோமேட் பூச்சு கெட்டிக்கார மருந்து. கீறல் விழுந்தால் பூச்சிலிருந்தே குரோமியம் கசிந்து வந்து புண்ணை மூடிவிடும். ஆனால் அந்த ஆறு இணைதிறன் குரோமியம் மனுஷனுக்கு விஷம். தொட்டியிலிருந்து கிளம்பும் ஆவித்துளி மூக்கின் நடுச்சுவரையே ஓட்டை போடும், நுரையீரலில் புற்றுநோய் கொண்டுவரும். இரும்பு போல்ட்டுகளுக்குப் பூசும் காட்மியமோ சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்ரண்டிஸாகப் பிளேட்டிங் ஷாப்புக்குப் போகிறவங்க, தொட்டியில் என்ன இருக்கு, புகை உறிஞ்சும் ஃபேன் ஓடுதா என்று முதல் நாளே கேளுங்க. கேட்பதில் வெட்கமில்லை.

ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமிக் ஆசிட் பயன்படுத்தக்கூடாது என்றாகிவிட்டது. விமானத் தொழிலும் பல இடங்களில் அனுமதி வாங்கித்தான் ஓட்டுகிறது. தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் பூச்சுக்கு ஈடு கிடைப்பது அவ்வளவு கஷ்டம். மூன்று இணைதிறன் குரோமியம், துத்தநாக-நிக்கல் கலவை, டார்டாரிக் ஆசிட் கலந்த அனோடைசிங் என்று மாற்றுகள் வந்திருக்கின்றன. இந்த மாதிரி மாற்றுப் பூச்சு வேலைகளில் சிக்ரிக்காரர்களும் பல வருஷமாக உழைக்கிறார்கள். நம்ம சிவகாசிக்காகப் பசுமைப் பட்டாசு தேடிய ஆய்வகங்களிலும் சிக்ரி ஒன்று. செட்டியார் விட்ட தண்ணி எந்த வயலில் எல்லாம் பாய்கிறது பாருங்க!

தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். 1956-இல் பத்மபூஷண் வந்தது. 1957 ஏப்ரல் 5-இல் காலமானார். மறுநாள் அவருக்கு 48-ஆவது பிறந்தநாள். சிக்ரி திறந்து அப்போது நாலே வருஷம்.