உள்ளத்தின் விலங்கு

1898இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹெர்பர்ட் மார்க்யூஸ். 1919இல் ஜெர்மானியப் புரட்சி ஒடுக்கப்பட்டு, ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்டபோது அவர் இளைஞர். சுரண்டப்படுவோரே தம்மை ஒடுக்கும் அமைப்பை விரும்பி ஏற்பது ஏன் என்னும் வினா அவரை விடவில்லை. நாசிகளின் எழுச்சியால் அமெரிக்காவில் குடியேறிய பின்னரும் அது தொடர்ந்தது.

பொருளியல் மட்டும் விடையாகாது எனக் கண்டு பிராய்டின் உளவியலை நாடினார். நாகரிகம் நிலைபெற ஆசைகள் அடக்கப்பட வேண்டும் என்பது பிராய்டின் கொள்கை. வாழ்வுக்குத் தேவையான அடக்கம் வேறு, ஆதிக்கத்தைக் காக்கச் சுமத்தப்படும் அடக்கம் வேறு என்று 1955இல் வெளியிட்ட நூலில் மார்க்யூஸ் பிரித்துக் காட்டினார். பின்னதற்கு அவர் இட்ட பெயர் உபரி அடக்கம். மார்க்சின் உபரி மதிப்பை நினைந்தே அச்சொல்லை ஆக்கினார் எனலாம்.

கலிபோர்னியாவில் மெய்யியல் பேராசிரியராக இருந்தபோது, 1968இல் கொலை மிரட்டல்கள் வந்தன. மாணவர்களே அவர் இல்லத்தைக் காத்தனர். எழுபது வயதிலும் அவர் கற்பிப்பதைக் கைவிடவில்லை. 1979இல் மறைந்த அவரது சாம்பல், 2003இல்தான் பெர்லின் மண்ணை அடைந்தது.