அடுப்படியில் பிறந்த விடை

1910-ம் வருஷம். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாறித் திருக்கோவிலூர் ரயிலில் ஏறினார், கும்பகோணத்து வாலிபர் ஒருவர். எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர்; கலியாணமாகிவிட்டது; சம்பாத்தியம் இல்லை. கையில் இருந்த சொத்து, கணக்குகள் நிரம்பிய நோட்டுப் புத்தகம். அவர்தான் ராமானுஜன்.

திருக்கோவிலூரில் அப்போது டிப்டி கலெக்டர் வி. ராமஸ்வாமி அய்யர், இந்தியக் கணித சங்கத்தை 1907-ல் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய அய்யரோ மறுத்துவிட்டார்! இப்பேர்ப்பட்ட மூளையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து மழுங்கடிக்க அவருக்கு மனம் வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடி வந்தவருக்கு அது கசந்திருக்கும். ஆனாலும் சிபாரிசுக் கடிதங்கள் கிடைத்தன. விழுப்புரம், திண்டிவனம் மார்க்கமாகச் சென்னை போனார். 1912-ல் துறைமுகக் குமாஸ்தா, 1914-ல் கேம்பிரிட்ஜ்.

அங்கே ஒரு நாள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். நண்பர் மஹலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரைப் படித்துக் காட்டினார். தெருவில் வரிசையாக வீடுகள். 1, 2, 3 என்று இலக்கம். ஒரு வீட்டுக்கு இடப்புற இலக்கங்களைக் கூட்டினாலும் வலப்புற இலக்கங்களைக் கூட்டினாலும் ஒரே தொகை. வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அது எத்தனையாவது வீடு? எட்டே வீடுள்ள தெருவானால் 6-வது, இருபுறமும் 15. மஹலனோபிஸ் சில நிமிஷம் போட்டுப் பார்த்துக் கண்டது, 288 வீடுகளில் 204-வது. ராமானுஜன் கிளறிக்கொண்டே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். இத்தகைய தெருக்கள் அத்தனைக்கும் அதிலேயே விடை இருந்தது! கேட்டவுடனே விடை தொடர் பின்னம்தான் என்று தெரிந்துவிட்டதாம்.

இந்தப் 'பளிச்' எங்கிருந்து வருகிறது? நாமகிரித் தாயார் அருள் என்பது ராமானுஜனின் நம்பிக்கை. 2004-ல் அமெரிக்காவில் மார்க் பீமன், ஜான் கூனியோஸ் குழுவினர், சொற்புதிர் விடுவிப்பவர்களின் மூளை மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். விடை உதிக்குமுன், ஒரு விநாடியில் மூன்றிலொரு பங்கு நேரத்தில், வலது காதுக்கு மேலே காமா அலை பொங்கியது. அதற்கும் முன்னால், பார்வைக்குரிய பின்மூளையில் ஆல்பா அலை ஓங்கியது. வெளிக்காட்சிக்கு மனம் திரை போட்டுக்கொள்வது போல! சொற்புதிர் வேறு, உயர் கணிதம் வேறுதான். ஆனால் விடை வெளிப்படுமுன்பே உள்ளே வேலை நடக்கிறது என்பது தெளிவு.

ராமானுஜனின் வேலையோ சிலேட்டில் நடந்தது. காகிதம் கிராக்கி, சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். அதனால்தான் எல்லாம் ஆகாயத்திலிருந்து விழுந்தவை போலத் தெரிகின்றன. அழிந்த கணக்குகள் எத்தனை ஆயிரமோ!

1920 ஏப்ரல் 26-ல், 32-வது வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் அவர் காலமானார். மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்ததை ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்டது 1929-ல்.