ஜகதீச சந்திர போஸும் அவருடைய பாதரசக் கட்டுரையும்

பரிசோதனைச் சாலையில் மின்கருவிகளை இணைத்துப் பார்ப்பதில் நம் மாணாக்கர்க்கு ஊக்கம் மிகுதி. கண்டதைத் தெளிவாக எழுதிக் கொடுப்பதிலோ அவ்வூக்கம் காணப்படுவதில்லை. எழுத்துவேலை விஞ்ஞானத்திற்குப் புறம்பானதென்று எண்ணுவார் பொருட்டு, ஸர் ஜகதீச சந்திர போஸின் சரிதத்தில் ஒரு பகுதியை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

வங்காளத்தில் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பிறந்த போஸ், கல்கத்தா அர்ச். சவேரியார் கலாசாலையில் லபோன் சுவாமியாரிடம் பௌதிக சாஸ்திரம் பயின்றார். பின்பு கேம்பிரிட்ஜில் ரேலி பிரபுவுக்கு மாணாக்கராயிருந்து, 1885-ல் கல்கத்தா பிரெஸிடென்ஸி கலாசாலையில் ஆசிரியரானார். இந்தியர் என்ற காரணத்தால் குறைந்த சம்பளம் நியமிக்கப்படவே, மூன்றாண்டுகள் அதனைக் கையால் தொடாமலே கற்பித்தார். முடிவில் முழுத்தொகையும் அளிக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கென அவர்க்கு வாய்த்தது சிற்றறை ஒன்றே.

அந்நாளில் மின்னலைகளை உணர்வதற்கு உதவியது, பாரிஸ் நகரத்துப் பிரான்லி என்பார் 1890-ல் கண்ட உலோகத்தூள் குழாய். (புதுவையிலுள்ள நமக்குப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பெயர் இவ்விடத்து வருதல் உவப்பே.) ஆயினும் அக்குழாய் ஓர் அலையை உணர்ந்தபின், தட்டினாலன்றி மற்றோர் அலையை உணராது. இக்குறையை நீக்கக் கருதிய போஸ், உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதனால் மின்தடை குறைகின்றதென்பது அக்காலத்துக் கொள்கை. பொட்டாசியத்திலோ தடை குறைவதற்கு மாறாக மிகுந்தது. கொள்கைக்கு ஒவ்வாததென்று அதனை அவர் மறைத்தாரில்லை. அக்கொள்கை போதாதென்பதற்கு அதனையே சான்றாக்கினார். ஒவ்வாத அளவை அழித்துவிட்டு நூலிற் கண்ட அளவை எழுதிவைக்கும் மாணாக்கர் சிலரை இங்கு நினையாதிருத்தல் இயலவில்லை.

1899-ல் இலண்டன் ராயல் சங்கத்திற்கு அனுப்பிய கட்டுரையில், தட்டாமல் தானே பழைய நிலைக்கு மீளும் கருவி ஒன்றை விவரித்தார். சிறு கிண்ணத்திற் பாதரசம். அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். படலம் கிழியாதபடி திருகாணியால் மெல்ல இறக்கிய இரும்பு வட்டு. சுற்றில் ஒரு டெலிபோன். எப்பொருள், எங்ஙனம் அமைந்தது, என்ன விளைந்தது என்பன யாவும் அதில் உள. படித்தவர் எவரும் தம் மேசைமீது செய்து பார்க்கலாம்.

1901-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, அட்லாண்டிக் மாகடலைக் கடந்துவந்த குறியை மார்க்கோனி நியூபவுண்ட்லாந்தில் கேட்டபொழுது, கையாண்டது பாதரசமும் டெலிபோனும் கூடிய கருவியே. அதனை அவர்க்கு அளித்தவர் இத்தாலியக் கடற்படையைச் சார்ந்த ஸொலாரி. அதனை முதலில் அமைத்தவர் யார் என்று இத்தாலியில் பெரும் வாதம் எழுந்தது. போஸுக்கு உரிய புகழ் அன்று கிடைத்திலது. அவரோ அதற்குள் தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்வதில் மனஞ்செலுத்தலானார். 1917-ல் கல்கத்தாவில் தம் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, 1937-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி கிரிதி என்னும் ஊரிற் காலமானார்.

அறுபதாண்டுகள் சென்றபின், 1998-ல், அமெரிக்க மின்பொறியாளர் சங்கத்துப் பத்திரிகையில் ஆராய்ச்சியாளர் ஒருவர் இவ்வழக்கை மீண்டும் எடுத்தார். வடிவம் சிறிது மாறினும் மார்க்கோனி கையாண்ட கருவி போஸ் கண்டதே என்று அவர் வாதித்தார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் முதன்மையானது, போஸ் 1899-ல் எழுதியனுப்பிய அக்கட்டுரை.